ஓபரா ஒத்திகையில் கிரேக்க ஜாடி திரும்புவது ஏன்?

பாட்டை நிறுத்த வேண்டாம், நடனத்தை மட்டும் கண்ணாடிப் பேழையிலிருந்து தள்ளி வையுங்கள்.

பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் 'டைடோ அண்ட் ஈனியாஸ்' என்ற ஓபரா (இசை நாடகம்) ஒத்திகை முடிந்ததும் பேழைக்குள் இருந்த கிரேக்க ஜாடி லேசாகத் திரும்பியிருந்தது என்கிறீர்கள். சோப்ரானோ எனப்படும் உச்சப் பெண்குரல்மேல் பழி போடாதீர்கள், அந்த ஓபராவில் வரும் மாலுமிகள் நடனத்தில் தரையில் விழும் குதிகால்கள்தான் காரணமாக இருக்கும். மான்செஸ்டர் அருங்காட்சியகத்தில் 2013இல் நெப்-செனு என்கிற எகிப்தியச் சிலை தானாகச் சுழன்று, பார்வோன் சாபம் என்றெல்லாம் பேசினார்களே, அதுவும் போக்குவரத்தும் காலடியும் தந்த அதிர்வுதான். சிலையின் அடிப்பகுதி சற்றே புடைத்திருந்தது, அதனால் சுலபமாகச் சுழன்றுவிட்டது.

செல்போனில் அதிர்வு காட்டும் செயலியைப் போட்டு, பேழையின் பீடத்தில் வைத்து, முதலில் பாட்டு மட்டும், அப்புறம் நடனம் மட்டும் நடத்திப் பாருங்கள். செயலியின் திரையில் அதிர்வுக் கோடு எப்போது துள்ளுகிறது என்று தெரிந்துவிடும்.

ஒன்று, மிக நுண்ணிய அதிர்வு செல்போனுக்குப் பிடிபடாது. கோடு அசையாவிட்டாலும் காப்பாட்சியரைக் கேட்காமல் தொடராதீர்கள். ஜாடியை நீங்களே திருப்பி வைக்கவும் போகாதீர்கள்.