தொடைச் சதை கன்னத்துக்கு வரும்போது: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அப்பாவுக்குக் கன்னத்தில் புற்றுநோய். கட்டியை எடுத்த இடத்தில் தொடையிலிருந்து சதையோடு தோல் வைக்கப்போகிறார்கள். வெட்டியெடுத்த தோல் செத்துப்போகாதா? கால் பலவீனமாகிவிடுமா? – வாசகி, தஞ்சாவூர்

பதில்: ரத்தக்குழாய் இல்லாமல் எடுத்தால் கட்டாயம் செத்துப்போகும். அதனால்தான் தோலோடு அதன் தமனியையும் சிரைகளையும் சேர்த்து எடுக்கிறார்கள். இதற்கு ஃப்ளாப் என்று பெயர். தொடையின் முன்-வெளிப்பக்கத்தில் எடுப்பதைச் சீனாவின் சாங் குழுவினர் 1984-இல் விவரித்தார்கள். தொடையின் ஆழ்தமனியிலிருந்து பிரியும் வெளிச்சுற்றுத் தமனியின் கீழ்நோக்கிய கிளைதான் அதற்கு உயிர்நாடி.

இடுப்பெலும்பின் முன்முனையிலிருந்து முழங்கால் சில்லின் வெளி மேல்மூலைக்கு ஒரு கோடு போடுவார்கள். கோட்டின் நடுப்புள்ளியைச் சுற்றி 3 செ.மீ. ஆரத்துக்குள், பெரும்பாலும் அந்த வட்டத்தின் கீழ்-வெளிப்பக்க நாலிலொரு பங்கில், தோலுக்கு ஏறும் சிறுகிளைகள் கிடைக்கும். இவற்றுக்கு பெர்ஃபொரேட்டர் என்று பெயர். டாப்ளர் கருவியில் ரத்த ஓட்டத்தின் சத்தம் கேட்டுக் குறித்துக்கொண்டு, முதலில் உள்பக்க ஓரத்தை மட்டும்தான் வெட்டுவார்கள். கிளையைக் கண்ணால் பார்த்த பிறகே வெளி ஓரத்தில் கத்தி படும். ஆளுக்கு ஆள் கிளையின் இடம் மாறுவதால் இந்த எச்சரிக்கை. நல்ல கிளை கிடைக்காவிட்டால் ஒரு பக்கம் வெட்டியதோடு நிறுத்தி, பக்கத்திலோ மறுகாலிலோ தேடலாம். பலருக்கு இந்தக் கிளை வெளித்தொடைத் தசைக்குள் புகுந்துதான் தோலுக்கு வருகிறது. அதைத் தசையிலிருந்து பிரிக்கும் வேலைதான் நேரம் பிடிக்கும். இழுபட்டாலோ, முறுக்கிக்கொண்டாலோ, காய்ந்தாலோ குழாய் சுருங்கிப் பாய்ச்சல் நின்றுவிடும். பிறகு கழுத்திலுள்ள தமனி, சிரைகளோடு மைக்ரோஸ்கோப்பில் பார்த்து, தலைமுடியைவிட மெல்லிய நூலால் தைப்பார்கள்.

கால் விஷயம்: வெளித்தொடைத் தசைக்குப் போகும் நரம்பு இதே குழாயை ஒட்டியே ஓடுகிறது. அதைக் காப்பாற்றிவிட்டால் நடையில் பெரிய குறை வராது. தொடையின் வெளிப்பக்கம் கொஞ்சம் மரத்துப்போகலாம். எடுக்கும் தோலின் அகலம் சுமார் 8 செ.மீ.க்குள் இருந்தால் பொதுவாக நேராகவே தைத்து மூடலாம். அதற்கு மேல் போனால் அங்கே வேறு இடத்துத் தோலை ஒட்டவேண்டி வரும். அப்பா புகையிலை போடுபவராக இருந்தால் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். நிக்கோட்டின் ரத்தக்குழாயைச் சுருக்கும்.

கேள்வி: உள்தொடையின் கிராசிலிஸ் தசையை ஃப்ளாப்பாக எடுக்கிறார்கள். பக்கத்திலேயே இருக்கும் சார்ட்டோரியஸ் தசையை ஏன் தொடுவதில்லை? – பிசியோதெரபி மாணவர், மதுரை

பதில்: ரத்தம் வரும் முறைதான் காரணம். கிராசிலிஸுக்கு ஒரே ஒரு முக்கியக் குழாய்; இடுப்பின் முன்பக்க நடுவிலுள்ள எலும்பிலிருந்து (பியூபிஸ்) சுமார் 8–10 செ.மீ. கீழே நுழைகிறது. கீழேயுள்ள சின்னக் குழாய்களை வெட்டினாலும் தசை பிழைக்கும். ஆனால் அதன்மேல் நீளவாக்கில் எடுக்கும் தோலின் கீழ் மூன்றில் ஒரு பகுதியை நம்ப முடியாது. சார்ட்டோரியஸுக்கு வழிநெடுகப் பல சிறு குழாய்கள். இரண்டு மூன்றுக்கு மேல் வெட்டினால் தசையின் ஒரு பகுதி அழுகிப்போகும். ரத்தம் வரும் முறையை வைத்துத் தசைகளைப் பிரித்து, 1981-இல் மேத்ஸ், நஹாய் என்ற சர்ஜன்கள் வகுத்த பட்டியலில் கிராசிலிஸ் இரண்டாம் வகை, சார்ட்டோரியஸ் நான்காம் வகை. கவட்டியில் வெளியே தெரியும் பெரிய ரத்தக்குழாயை மூட, சார்ட்டோரியஸின் மேல்முனையைத் திருப்பிப் போடுவதுண்டு. அதோடு சரி.

கேள்வி: வார்டில் ஃப்ளாப்பைப் பார்க்கும்போது எதைக் கவனிக்கவேண்டும்? – செவிலியர், சேலம்

பதில்: முதல் நாள் மணிக்கொரு முறை பாருங்கள். விரலால் அழுத்திவிட்டால் இரண்டு மூன்று வினாடியில் நிறம் திரும்பவேண்டும். வெளுத்து, குளிர்ந்து, நிறம் திரும்பவில்லையென்றால் தமனி அடைப்பு. நீலம் பாய்ந்து, வீங்கி, சட்டென்று நிறம் திரும்பினால் சிரை அடைப்பு; ஊசியால் குத்தினால் கறுத்த ரத்தம் வேகமாக வரும். டிராக்கியாஸ்டமி (மூச்சுக்காகக் கழுத்தில் வைக்கும் குழாய்) நாடாவை இறுக்கிக் கட்டியிருந்தால், கழுத்து ஒருபக்கம் மடிந்திருந்தால், அதுவே சிரையை நசுக்கும்; முதலில் அதைச் சரிசெய்யுங்கள். அப்படியே சர்ஜனைக் கூப்பிடுங்கள், விடியட்டும் என்று காத்திருக்கவேண்டாம். சில மணிநேரத்துக்குள் தியேட்டருக்குக் கொண்டுபோனால்தான் காப்பாற்ற வாய்ப்பு. தசை தோலைவிடச் சீக்கிரம் செத்துப்போகும்.