கேள்வி – பதில்: போப்பின் பெயரே யாப்பில் அடங்காவிட்டால்?

கேள்வி: உயர்தரத்தில் தமிழ் படித்தவள் நான், இப்போது வெண்பா எழுதிப் பழகுகிறேன். யாப்பிலக்கண நூலான காரிகையைப் பக்கத்தில் வைத்து எழுதினால் கவிதை வருகிறதில்லை, கணக்குத்தான் வருகிறது. வெள்ளைக்காரர்களும் இப்படிப் பாடநூல் வைத்துப் படித்தார்களா?
– வாசகி, உவர்மலை, திருகோணமலை

பதில்: படித்தார்கள் தங்கச்சி. 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெஃப்ரி ஆஃப் வின்சாஃப் என்ற வாத்தியார், செய்யுள் எழுதக் கற்றுத்தர 'போயெட்ரியா நோவா' என்று ஏறத்தாழ 2,100 அடிகளில் லத்தீனில் ஒரு நூல் செய்தார். நம் காரிகை கட்டளைக் கலித்துறையில் இருப்பது மாதிரி அதுவும் முழுக்கச் செய்யுள்தான். 200க்கு மேல் கையெழுத்துப் பிரதிகள் இன்றும் இருக்கின்றன என்றால் எத்தனை பள்ளிக்கூடத்தில் ஓடியிருக்கும் என்று பாருங்கள்.

பகிடி முதல் வரியிலேயே தொடங்குகிறது. நூலைப் போப் மூன்றாம் இன்னசென்ட்டுக்குக் காணிக்கையாக்கப் போனால் அவர் பெயர் யாப்பில் ஏறவில்லை! இரண்டு நெடில் அசைக்கு நடுவே ஒற்றைக் குறில் அசை வந்தால் அந்த யாப்பில் இடம் கிடையாது. மனிதர் சளைக்காமல், தலையை, அதாவது முதலில் வரும் 'இன்' அசையை, வெட்டினால்தான் உங்கள் பெயர் உள்ளே வரும் என்று போப்பிடமே சொல்லி, அதையே புகழ்ச்சியாக மாற்றிவிட்டார். உங்கள் ஊரைப் பாடிய சம்பந்தர் 'கோணமா மலையமர்ந் தாரே' என்று நடுவில் ஒரு 'மா'வைப் போட்டுக்கொண்டு போய்விட்டார், லத்தீன்காரருக்கு அந்த வசதி இல்லை.

ஆனால் வாத்தியார் அளவுக்குக் கவிஞர் இல்லை என்பது என் எண்ணம். விரித்துப் பாடுவது எப்படி என்று காட்ட, 1199இல் அம்புபட்டு இறந்த இங்கிலாந்தின் ரிச்சர்ட் மன்னனுக்கு ஒரு புலம்பல் எழுதியிருக்கிறார், அம்பு பட்டது வெள்ளிக்கிழமை என்பதற்காக அந்தக் கிழமையையே பிடித்துத் திட்டுகிறார். பின்னாளில் ஆங்கிலக் கவிஞர் சாசர், ஒரு சேவலை நரி தூக்கிப்போகிற கதையில், வெள்ளிக்கிழமையைத் திட்ட உங்கள் திறமை எனக்கில்லையே குருவே என்று வைத்து வாங்கிவிட்டார்.

சுருக்கிச் சொல்வதில்தான் ஜெஃப்ரி கெட்டிக்காரர். வியாபாரி ஊரில் இல்லாத நேரம் மனைவிக்குப் பிள்ளை பிறக்கிறது, பனியைத் தின்றதால் உண்டானது என்கிறாள். அவன் வாய் திறக்காமல் பிள்ளையை வளரவிட்டு, பிறகு கூட்டிக்கொண்டு போய் விற்றுவிட்டு வந்து, வெயிலில் உருகிவிட்டான் என்கிறான். இந்தக் கதை முழுவதையும் இரண்டே அடியில் முடித்துக் காட்டுகிறார்.

சரி, இதையே ஒரு நேரிசை வெண்பாவாக எழுதி அனுப்புங்கள், ஈற்றடிக்கு மூன்று சீர்தான். தளை தட்டாவிட்டால் அடுத்த இதழில் போடுகிறேன்.