பக்கத்துக் காணியில் பற்றரி நிலையமா?

சென்ற இதழில், பகலில் மிஞ்சும் மின்சாரத்தைச் சேமித்து மாலையில் திருப்பிக் கொடுக்கும் பற்றரி சேமிப்பு நிலையம் பற்றி இந்தப் பகுதியில் இரண்டே வரி எழுதியிருந்தேன். வந்து குவிந்த கடிதங்களைப் பார்த்தால் கொழும்புப் பகுதியில் கொலன்னாவை, வெல்லம்பிட்டி, தெமட்டகொடைப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடைகளில் இப்போது இதுதான் பேச்சு போலிருக்கிறது. சிலவற்றுக்கு மட்டும் பதில்.

எங்கள் ஒழுங்கைக்குப் பின்னால் உள்ள காணியை அளந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். பற்றரி வைக்கப்போகிறார்களாம். போன் பற்றரியே வீங்கி வெடிக்கிறதே ஐயா, இது வெடித்தால்?
*– வாசகி, வெல்லம்பிட்டி*

பயப்படுவதில் தப்பில்லை சகோதரி, ஆனால் எதற்குப் பயப்படுவது என்பதைச் சரியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். வரப்போவது துறைமுகத்து லொறியில் போகிற இருபதடி கொன்டெய்னர் அளவுப் பெட்டிகள். கதவைத் திறந்தால் தட்டுத் தட்டாக செல்கள், அதாவது தனித்தனிச் சின்னப் பற்றரிகள், ஒவ்வொன்றும் செங்கல் அளவு, ஐந்தரைக் கிலோ பாரம். இப்போது வருகிற பெரிய பெட்டி ஒன்றில் கிட்டத்தட்ட 5,000 இருக்கும். ஒரு செல் கட்டுப்பாடில்லாமல் சூடேறினால் பக்கத்துச் செல்லையும் சூடாக்கும், அது அடுத்ததை. அப்போது கிளம்புகிற வாயுதான் தீயைவிட மோசம்: ஹைட்ரஜன், காபன் மொனொக்சைட், கொஞ்சம் ஹைட்ரஜன் புளோரைட். 2019இல் அமெரிக்காவின் அரிசோனாவில் பற்றரி நிலையமொன்றின் கதவைத் திறந்த தீயணைப்பு வீரர்கள் தூக்கி எறியப்பட்டது, உள்ளே அப்படிச் சேர்ந்திருந்த வாயு வெடித்துத்தான்.

இன்னும் இரண்டு சம்பவங்கள் சொல்கிறேன். 2025 ஜனவரியில் கலிபோர்னியாவின் மொஸ் லாண்டிங்கில், பழைய மின்நிலையக் கட்டடம் ஒன்றுக்குள் நெருக்கமாக அடுக்கியிருந்த நிக்கல் கலந்த பற்றரிகள் பற்றி எரிந்து, ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் வீட்டைவிட்டு வெளியேற வேண்டி வந்தது. 2021இல் அவுஸ்திரேலியாவின் விக்டோரியாவில் வெட்டவெளியில் தனித்தனியாக நின்ற பெட்டிகளில் ஒன்றில் தீப்பிடித்தது. இரண்டாவது பெட்டியோடு நின்றுவிட்டது, யாருக்கும் காயமில்லை. ஆகவே நீங்கள் கேட்க வேண்டியது எந்த வகைப் பற்றரி, பெட்டிக்கும் பெட்டிக்கும் எத்தனை அடி, உங்கள் மதிலுக்கு எத்தனை அடி, வாயு வெளியேற வழி இருக்கிறதா என்பதைத்தான். லிதியம் இரும்பு பொஸ்பேட் வகைப் பற்றரி அந்த நிக்கல் வகையைவிடச் சூடு தாங்கும், அது நல்ல விஷயம். ஆனால் எரியவே எரியாது என்று கூட்டத்தில் யாராவது சொன்னால் அந்த ஆளை நம்பாதீர்கள்.

கூரையில் சோலர் போட்டிருக்கிறேன். 2025 சித்திரைப் புத்தாண்டுக்கு அதை நிறுத்தி வைக்கச் சொன்னார்கள். இப்போது மின்சாரத்தைச் சேமிக்கக் காணி வேண்டுமாம். என்ன கூத்து இது?
*– வாசகர், வெள்ளவத்தை*

கூத்துத்தான், ஆனால் இரண்டும் ஒரே கதை. லீவுக்கு பெக்டரிகள் பூட்டிக் கிடக்க, வெயிலோ கொளுத்துகிறது, உற்பத்தியாகும் கரண்டை வாங்க ஆளில்லை. 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை நாடு முழுக்கக் கரண்ட் போனது நினைவிருக்கிறதா? பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு பாய்ந்தது என்று ஊரே சிரித்தது. நான் அன்று தண்ணி மோட்டர் ஓடாமல் நான்காம் மாடிக்கு வாளி தூக்கிக்கொண்டிருந்ததால் அவ்வளவாகச் சிரிக்கவில்லை. சோலர் கூடின பகலில், மின்நிலையங்களில் சுழலுகிற பெரிய இயந்திரங்கள் குறைவாக ஓடும்போது, ஓரிடத்தில் விழுகிற அடியைத் தாங்குகிற பலம் முழு வலையமைப்புக்கும் குறைந்துவிடுகிறது. பற்றரி ஒரு வினாடிக்குள் கைகொடுக்கும். அப்புறம் பகலில் மிஞ்சுவதை வாங்கி வைத்து, மாலை 6.30 முதல் 10.30 வரையான உச்ச நேரத்தில் திருப்பிக் கொடுக்கும். 10 மெகாவோட்டை நான்கு மணி நேரம் கொடுக்க, மேலே சொன்ன பெட்டிகளில் எட்டோ பத்தோ போதும். திட்டம் தேவைதான். எந்தக் காணி என்பதில்தான் எனக்குப் பேச்சு இருக்கிறது.

கதிர்வீச்சு வருமா? சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீடு.
*– பெயர் வேண்டாம், கொலன்னாவை*

வராது. அங்கே வைக்கிற ட்ரான்ஸ்போமரைச் சுற்றிக் காந்தப்புலம் இருக்கும், ஆனால் அது தூரம் போகப்போக மளமளவென்று குறைந்துவிடும். சத்தம்தான் உங்களுக்கு உண்மையான தொல்லை. பெட்டிகளைக் குளிராக்கும் விசிறிகள் இரைந்துகொண்டே இருக்கும், அதுவும் பற்றரி வேலை செய்கிற மாலை நேரத்தில். 1996ஆம் ஆண்டு ஒலி விதிகளின்படி நகர சபை, மாநகர சபை எல்லைக்குள் சத்தத்தின் உச்ச வரம்பு பகலில் 63, இரவில் 50 டெசிபல். மாலை 6 மணியோடு இரவுக் கணக்குத் தொடங்கிவிடும். அந்த ஐம்பதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

2016 வெள்ளத்தில் எங்கள் வீட்டுச் சுவரில் படிந்த சேற்றுக்கோடு இன்னும் இருக்கிறது. அந்தக் காணி எங்கள் வீட்டைவிடப் பள்ளம். அங்கே பற்றரியா?
*– வாசகர், கொலன்னாவை*

இந்தக் கடிதத்துக்காகத்தான் காத்திருந்தேன். எல்லாரும் தீயைக் கேட்கிறார்கள், களனி கங்கையை யாரும் கேட்கவில்லை. 2016 மே மாதம் பட்டது போதாதென்று 2025 நவம்பரில் டித்வா புயலோடும் பட்டோம். வெள்ளம் பெட்டிக்குள் ஏறினால் ஷோர்ட் ஆகும், அதிலிருந்து தீயும் பிடிக்கலாம். வீதியில் இடுப்பளவு தண்ணீர் நிற்கும்போது தீயணைப்பு வண்டி எப்படி உள்ளே வரும்? மேடை கட்டி உயர்த்துவோம் என்பார்கள். எந்த ஆண்டு வெள்ளத்தை வைத்து உயரம் கணக்கிட்டார்கள் என்று கேளுங்கள். முழுக் காணியையும் மண் போட்டு நிரப்புவதாகச் சொன்னால் இன்னும் கவனமாக இருங்கள். அங்கே நிற்க வேண்டிய தண்ணீர் உங்கள் வீட்டு வாசலுக்குத்தான் வரும். 2017 சித்திரைப் புத்தாண்டன்று இதே பக்கத்து மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து 30க்கு மேற்பட்ட உயிர்களைக் கொடுத்த மக்களிடம் வந்து ‘ஒன்றும் ஆகாது’ என்று வாயால் சொல்லிவிட்டுப் போக முடியாது.

எதிர்ப்புக் கடிதத்துக்குக் கையெழுத்து வாங்குகிறோம். போடலாமா?
*– இளைஞர்கள் சிலர், தெமட்டகொடை*

போடுங்கள் தம்பிமாரே, ஆனால் முதலில் திட்டத்தைக் கையில் வாங்குங்கள். 2016ஆம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் தமிழிலேயே எழுதிக் கேட்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் அதிகாரிகள் தீர்மானித்துச் சொல்ல வேண்டும். காணியின் வரைபடம், பற்றரி வகை, தீப் பரிசோதனை அறிக்கை, தீயணைப்புப் படையோடு பேசினார்களா, பதினைந்து இருபது வருடத்தில் பழசாகும் செல்களை யார் அகற்றுவார்கள், இவ்வளவையும் கேளுங்கள். அனுப்புமுன் ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு மேலே எழுதிய கொலன்னாவைக்காரரின் வீடு மாதிரி நாலைந்து வீடுகளுக்குப் போய், சேற்றுக்கோடு நிலத்திலிருந்து எத்தனை அடி என்று அளந்து அந்த எண்களையும் கடிதத்தில் எழுதிவிடுங்கள்.