வாசகர் கேள்வி பதில்: ஒரே வெள்ளைச் சட்டையில் இரண்டு மாலுமிகள்

பாம்பன் வாசகர்: மாலுமி பாப்பாய் சில கார்ட்டூன்களில் கறுப்புச் சட்டையிலும் சிலவற்றில் வெள்ளைச் சீருடையிலும் வருகிறார். அவருடைய எதிரி புளூட்டோவும் அதே வெள்ளையில்தான் நிற்கிறான். எது எந்தக் காலத்துப் படம்?

சட்டையை வைத்தே காலத்தைச் சொல்லிவிடலாம். இ.சி. சீகர் 1929 ஜனவரியில் தன் பத்திரிகைச் சித்திரத் தொடரில் பாப்பாயை இறக்கினார். 1933இல் பிளெய்ஷர் ஸ்டுடியோ அவரைத் திரைக்குக் கொண்டுவந்தது. அன்று முதல் கறுப்புச் சட்டைதான். 1941 நவம்பரில் வந்த ‘தி மைட்டி நேவி’ படத்தில் அமெரிக்கக் கடற்படை வெள்ளையைப் போட்டார். அமெரிக்காவை இரண்டாம் உலகப் போருக்குள் இழுத்த பேர்ல் ஹார்பர் தாக்குதலுக்குச் சில வாரங்கள் முன்பு. 1942இல் ஸ்டுடியோ பாரமவுண்ட் கைக்குப் போய் ‘ஃபேமஸ்’ என்று பெயர் மாறியது. 1943 கடைசியில் தொடர் வண்ணத்துக்கு மாறியது. ஆக, கறுப்பு வெள்ளைப் படம், ஆனால் உடுப்பு வெள்ளை என்றால் அது 1941 கடைசிக்கும் 1943க்கும் இடைப்பட்டது. கரைக்கு வந்த இரண்டு மாலுமிகளும் பாப்பாயின் காதலி ஆலிவுக்காக மல்லுக்கட்டும் ‘கிக்கின் தி காங்கா ரவுண்ட்’ (1942) அந்த வரிசையில் வருவதுதான்.

மண்டபம், பள்ளி ஆசிரியை: அந்தப் படத்தில் வரும் காங்கா நடனத்தை வைத்து, ஒரு பெண்ணின் கவனத்துக்காக இரண்டு மாலுமிகள் போட்டி போடுவதாகப் பிள்ளைகள் செல்போனில் அனிமேஷன் செய்கிறார்கள். யார் எவர் என்றே தெரியவில்லை. ஆட்டமும் தாளத்தில் உட்காரவில்லை.

உடுப்பு ஒன்றாகிவிட்டால் ஆளைப் பிரிக்க உருவம் மட்டும்தான் மிச்சம். இரண்டு பேரையும் முழுக்கக் கறுப்பு மையால் நிரப்பி, ஆறடி தள்ளி நின்று பாருங்கள். நிழலாகவே அடையாளம் தெரிய வேண்டும். பாப்பாய்க்குக் குட்டி உடம்பு, வீங்கிய முன்கை, வாயில் பைப்; புளூட்டோவுக்கு அகன்ற மார்பு, தாடி, சின்னக் கால். உங்கள் பிள்ளைகள் இருவரையும் ஒரே உயரத்தில், ஒரே தொப்பியோடு வரைந்திருப்பார்கள். கோளாறு அங்கேதான்.

இனித் தாளம். காங்கா என்பது மூன்று காலடி, நான்காவதில் உதை. தாளத்தின் ஓர் அடிக்கு அரை விநாடி வையுங்கள். சினிமா விநாடிக்கு 24 ஃபிரேம் ஓடுவதால், வரைந்த ஒரு படத்தை இரண்டு ஃபிரேம் நிறுத்தினால் அடிக்கு ஆறு படம், ஒரு சுற்றுக்கு 24 படம். கால் தரையில் ஊன்றுவது 1, 7, 13ஆம் படங்களில். உதையின் உச்சத்தை 19இல் வைக்காமல் 18இலேயே வையுங்கள். சத்தத்துக்கு ஒரு நூல் முந்தி வந்தால்தான் கண்ணுக்குச் சரியாக விழும். 15, 16, 17இல் இடுப்பு எதிர்ப்பக்கம் பதுங்க வேண்டும். இந்த மூன்றையும் விட்டுவிட்டால் உதை, கால் சுளுக்கியது போலத் தெரியும். இன்னொரு பிழை எல்லோரும் செய்வது: 24ஆம் படத்தை 1ஆம் படம் போலவே வரைந்துவிடுவது. சுற்று திரும்பும்போது ஒரு விக்கல் வரும். 24 என்பது 1க்கு முந்தைய நிலை, 1 அல்ல.

புளூட்டோவுக்கும் அதே காலடிதான், ஆனால் இரண்டு படம் பிந்தி ஆடட்டும். கனம் தானாக வந்துவிடும். பெண்ணை நடுவில் நிறுத்துங்கள். தலை ஒருவன் பக்கம் திரும்ப மூன்று படம், திரும்பிய பின் பன்னிரண்டு படம் அசையாமல் நிற்க வேண்டும். அந்த ஒரு விநாடி நீளும் பார்வையில்தான் போட்டியே இருக்கிறது. அடிதடி அதற்குப் பிறகு.

தாள் விஷயம்: நம் கடலோரக் காற்றில் தாள் நமுத்து ஓரம் சுருண்டுகொள்ளும். வரையாத நேரத்தில் மேலே கனமான புத்தகம் வையுங்கள். பஞ்சிங் மெஷினால் இரண்டு ஓட்டை போட்டு, பலகையில் அடித்த இரண்டு ஆணியில் மாட்டினால் படம் நகராது. ஆணி ஓட்டையில் இறுக்கமாக உட்கார வேண்டும். லொட லொடவென்றிருந்தால் உருவம் நடுங்கும். பின்னணியை ஒரே ஒரு முறை சாம்பல் நிறத்தில் தீட்டிவிட்டு, ஆட்களை ஓஎச்பி ஷீட்டில் (ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள்) வரைந்து மேலே வையுங்கள். வெள்ளைப் பின்னணியில் வெள்ளைச் சட்டை காணாமல் போகும். ஷீட் மூன்று அடுக்குக்கு மேல் போனால் அடியில் இருப்பது மங்கும்.

படம் எடுப்பது கடற்கரையில் வேண்டாம். காற்று ஒரு பக்கம், நகரும் வெயில் இன்னொரு பக்கம். ஜன்னலைச் சாத்தி, ஒரே எல்இடி விளக்கில் எடுங்கள். செல்போனில் வெளிச்சத்தையும் ஃபோகஸையும் லாக் செய்துவிடுங்கள். இல்லாவிட்டால் படத்துக்குப் படம் பளிச்சென்றும் இருண்டும் மாறி மினுக்கும்.

கீழக்கரை வாசகர்: பாப்பாய் வாய் அசையாமலே முணுமுணுக்கிறாரே, அது வரைந்தவர்களின் பிழையா?

பிழையல்ல. பிளெய்ஷர் ஸ்டுடியோவில் முதலில் படத்தை வரைந்துவிட்டுப் பிறகு குரல் சேர்ப்பது வழக்கம். 1935 முதல் குரல் கொடுத்த ஜாக் மெர்சர், ஓடும் படத்தைப் பார்த்தபடி இடைவெளிகளில் சொந்தமாக முணுமுணுத்துச் சேர்த்தார். அந்த முணுமுணுப்பு இல்லாத பாப்பாய் எங்களுக்குப் பாதி பாப்பாய்தான். மெர்சர் இரண்டாம் உலகப் போருக்குப் போயிருந்தபோது, ஆலிவின் குரலான மே குவெஸ்டலே சில படங்களில் பாப்பாய்க்கும் பேசினார்.

தொண்டி வாசகர்: பாப்பாய் டின்னிலிருந்து விழுங்கும் கீரை நம் வீட்டுப் பசலையா?

இல்லை. டின்னில் வருவது கடையில் ‘பாலக்’ என்று விற்பது. நம் வேலியில் படரும் கொடிப்பசலை வேறு செடி.