கேள்வி-பதில்: ஆப்பிரிக்கப் போர்ப் பதக்கம் வாங்கலாமா?

கே: லண்டன் பழம்பொருள் சந்தையில் 'ஆப்பிரிக்கா ஜெனரல் சர்வீஸ்' பதக்கம் பார்த்தேன். பிரிட்டிஷ் மன்னர் ஆறாம் ஜார்ஜ் தலை போட்டது, எங்கே தேடினாலும் கிடைக்காது என்கிறார் கடைக்காரர்.

ப: கிடைக்காதுதான். அப்படி ஒன்றை வெளியிட்டதே இல்லை. 1902இல் தொடங்கிய அந்தப் பதக்கத்தில் ஏழாம் எட்வர்டு, ஐந்தாம் ஜார்ஜ், அப்புறம் கென்யா பட்டையோடு (எந்த இடத்துச் சண்டை என்று காட்ட ரிப்பனில் மாட்டும் உலோகத் துண்டு) இரண்டாம் எலிசபெத். அவ்வளவுதான்.

கே: தென்னாப்பிரிக்காவில் பிரிட்டன் நடத்திய போயர் போருக்கான 'குயின்ஸ் சவுத் ஆப்பிரிக்கா' பதக்கத்தை ஆன்லைனில் வாங்கிவிட்டேன். கேப் காலனி, நேட்டால் உட்பட ஐந்து பட்டைகள். விளிம்பில் பெயர் உள்ள இடம் சற்றுப் பள்ளமாக இருக்கிறது. சரிதானே?

ப: பணத்தைக் கட்டிவிட்டுக் கேட்டால் நான் என்ன சொல்ல? கேப் காலனி, நேட்டால் பட்டைகள் இரண்டும் ஒரே ஆளுக்குக் கிடையாது என்பது அன்றைய விதி. பட்டையை எண்ணி விலை கொடுக்க ஆள் இருக்கும்வரை, ஒன்றில் கழற்றி இன்னொன்றில் மாட்டிக்கொண்டேதான் இருப்பார்கள். அதைவிட எனக்கு ஆத்திரம் வருவது விளிம்பை ராவுகிறவர்கள் மீது. எண், பெயர், ரெஜிமெண்ட் எல்லாம் அங்கேதான் இருக்கிறது. சாதாரணச் சிப்பாயின் பெயரை அரத்தால் ராவிவிட்டு, அந்தப் போரின் புகழ்பெற்ற மாஃபெகிங் நகர முற்றுகையில் நின்றவன் பெயரைப் பொறித்தால் விலை எங்கோ போய்விடும். என் தலையிலும் அப்படி ஒன்றைக் கட்டினார்கள். இன்னும் மேஜை டிராயரில் கிடக்கிறது. 36 மி.மீ. இருக்க வேண்டிய விட்டம் ராவினால் குறைந்துவிடும். காலிப்பரால் நாலு பக்கமும் அளந்து பாருங்கள். அளவு சரியாக இருந்தாலும், லண்டனின் கியூ பகுதியிலுள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தின் டபிள்யூஓ 100 என்ற பதக்கப் பதிவேடுகளில் அந்தப் பெயருக்கு எந்தப் பட்டைகள் என்று தேடுங்கள். வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது. இப்போதைக்குத் திருப்பி அனுப்பிவிட்டுப் பணத்தைக் கேளுங்கள்.

கே: கொள்ளுத்தாத்தா போயர் போருக்கு இந்தியப் படையோடு குதிரைக்காரராகப் போனவர். அவர் பதக்கம் வெண்கலம் என்பதால் 'நகல்' என்று சொல்லி, ஒரு வியாபாரி பழைய பித்தளை விலைக்கு வாங்கிப் போய்விட்டார். அம்மாவுக்கு மனசு ஆறவில்லை.

ப: எப்படி ஆறும்? குதிரைக்காரர், டோலி தூக்குபவர் போன்ற இந்தியப் பணியாளர்களுக்கு வெண்கலத்தில்தான் கொடுத்தார்கள். வெள்ளியைவிட அதுதான் அரிது. பொய் சொல்லி வாங்கியிருந்தால், ஒப்பந்தச் சட்டப்படி அந்த விற்பனையை ரத்து செய்யக் கோரலாம். வாட்ஸ்அப் பேச்சு, போட்டோ எதையும் அழிக்காதீர்கள். வக்கீலைப் பார்த்து நோட்டீஸ் அனுப்புங்கள். அம்மாவைத் திட்டாதீர்கள்.

கே: என் போயர் போர்ப் பதக்கத்தின் பின்பக்கம் 1899-1900 என்று நிழல்போலத் தெரிகிறது. போலியா?

ப: இல்லை. சண்டை சீக்கிரம் முடிந்துவிடும் என்று ஆண்டைப் பொறித்துவிட்டார்கள். அது 1902 மே வரை இழுத்ததால் எண்களை எடுத்தார்கள். தடம் மட்டும் நின்றுவிட்டது. பாலிஷ் போட்டுத் தேய்க்காமல் இருந்தால் போதும்.