எண் ஏறியிருக்கிறது, சுரப்பு குறைவு என்கிறார்களே?

கேள்வி: எனக்கு 36 வயது. வீட்டிலேயே தையல் வேலை பார்க்கிறேன். இரண்டு வருடமாக ஓயாத அசதி, முடி கொட்டுகிறது, மலச்சிக்கல், மாதவிலக்கில் அதிகப் போக்கு. மார்கழியில் மற்றவர்களைவிட எனக்குத்தான் குளிர் தாங்காது. வீட்டில் ‘சோம்பேறியாகிவிட்டாள்’ என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டேன். போன ஆடியில் ரத்தம் பரிசோதித்தபோது டி.எஸ்.எச். 18.6. ‘தைராய்டு குறைவு’ என்று சொல்லி டாக்டர் மாத்திரை கொடுத்தார். நான்கு மாதத்தில் 3.1-க்கு வந்தது. சரியாகிவிட்டதே என்று நிறுத்திவிட்டேன். இப்போது மறுபடி 14. ரிப்போர்ட்டில் ‘அதிகம்’ என்று அச்சடித்திருக்கும்போது டாக்டர் ஏன் ‘குறைவு’ என்கிறார்? ஆயுசு முழுக்க மாத்திரையா? பழகிவிட்டால் விட முடியாது என்று பக்கத்து வீட்டு அக்கா பயமுறுத்துகிறார். முட்டைக்கோஸ் சாப்பிடலாமா? என் 12 வயது மகளுக்கும் இது வருமா?
– வாசகி, கரூர் மாவட்டம்

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கேள்விகளுக்கு வருவதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ‘நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டேன்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியைத் தாண்டிப் போக எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. நீங்கள் எழுதியிருக்கும் ஒவ்வொரு தொந்தரவும் தைராய்டு குறைந்தால் வரக்கூடியதுதான். அதில் உங்கள் குணத்தின் குறை ஒன்றும் இல்லை. இந்தப் பக்கத்தை வீட்டில் எல்லோரும் படிக்கும்படி மேசை மேல் வையுங்கள்.

இனி அந்த எண். உங்களைப் போலக் குழம்புகிறவர்கள் ஏராளம். காரணம் எளிது: டி.எஸ்.எச். என்பதைத் தைராய்டு சுரப்பதே இல்லை. மூளையின் அடியில், மூக்குத்தண்டுக்கு நேர் பின்னால், ஒரு பட்டாணி அளவில் பிட்யூட்டரி என்ற சுரப்பி இருக்கிறது. எடை அரை கிராம்தான். அது அனுப்பும் ஆள்தான் டி.எஸ்.எச். கழுத்தின் முன்பக்கம், குரல்வளைக்குக் கீழே, பட்டாம்பூச்சி சிறகு விரித்த மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும் தைராய்டுக்கு ‘வேலையைத் தொடங்கு’ என்று சொல்வதற்காக ரத்தத்தில் வருகிறது.

காலையில் பள்ளிக்குப் போகப் பிள்ளையை எழுப்புவதை நினைத்துக்கொள்ளுங்கள். உடனே எழுந்துவிடும் பிள்ளையை மெல்லக் கூப்பிட்டால் போதும். எழாவிட்டால் குரல் கூடும். அப்புறமும் அசையாவிட்டால் தெருவுக்கே கேட்கும். ரிப்போர்ட்டில் உள்ள 18.6 என்பது அம்மா போடும் சத்தத்தின் அளவு. பிள்ளை எவ்வளவு வேலை செய்தது என்பதற்கான அளவு டி4, அதாவது தைராய்டு சுரக்கும் ஹார்மோன். அது குறைந்ததால்தான் அம்மாவின் சத்தம் கூடியது. பெரும்பாலான ஆய்வகங்களில் டி.எஸ்.எச். 0.4-இலிருந்து 4 அல்லது 4.5 வரை இருந்தால் இயல்பு என்று போடுவார்கள்.

பிட்யூட்டரிக்குக் காது மிகக் கூர்மை. ரத்தத்தில் டி4 பாதியாகக் குறைந்தால் டி.எஸ்.எச். இரண்டு மடங்கு ஏறும் என்று நாம் நினைப்போம். ஏறத்தாழ நூறு மடங்கு வரைகூட ஏறும். அதனால்தான் மருத்துவர்கள் முதலில் இதைப் பார்க்கிறார்கள். எதிர்த் திசையிலும் இப்படித்தான்: தைராய்டு அளவுக்கு மீறிச் சுரந்தால் பிட்யூட்டரி வாயை மூடிக்கொள்ளும், டி.எஸ்.எச். 0.01 என்று தரைதட்டும். அதைப் பார்த்து ‘தைராய்டு குறைந்துவிட்டது’ என்று தானாகவே மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டால் ஆபத்து. பிட்யூட்டரியே பழுதாகிற அரிய நிலையும் உண்டு. அப்போது டி4 குறைந்திருக்கும், டி.எஸ்.எச். குறைவாகவோ இயல்பாகவோ காட்டும். ஆகவே டி.எஸ்.எச். மட்டும் போதாது, கூடவே டி4-உம் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

இந்த அழைப்பும் பதிலும் உடம்பில் இன்னும் பல இடங்களில் உண்டு. மாதவிலக்கு நிற்கும் வயதில் சூலகங்கள் ஓய்ந்து போக, அவற்றைக் கூப்பிடும் எஃப்.எஸ்.எச். ஏறுகிறது. சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியும் பிட்யூட்டரியின் குரலுக்குத்தான் வேலை செய்கிறது. பல மாதம் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு அந்தக் குரல் அடங்கிப்போய், அட்ரினல் தூங்கிவிடும். மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து வரலாம். உங்கள் பக்கத்து வீட்டு அக்கா சொன்ன பயம் அங்கிருந்து வந்திருக்கலாம். உங்கள் மாத்திரையின் கதை வேறு.

சரி, உங்கள் சுரப்பிக்கு ஏன் இப்படி ஆயிற்று? அயோடின் உப்பு கிடைக்கும் ஊர்களில் பெரும்பாலும் காரணம் ஒன்றுதான். கிருமியோடு போராட வேண்டிய நோய் எதிர்ப்புச் சக்தி, ஆள் தெரியாமல் தைராய்டைத் தாக்கிக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துவிடுகிறது. 1912-இல் ஹகாரு ஹஷிமோட்டோ என்ற ஜப்பானிய அறுவை மருத்துவர் நான்கு பெண்களின் தைராய்டை ஆராய்ந்து இதை எழுதினார். அவர் பெயரையே நோய்க்கு வைத்துவிட்டார்கள். அந்த நால்வரும் பெண்கள் என்பது தற்செயல் இல்லை. ஆண்களைவிடப் பெண்களுக்கு இது பல மடங்கு அதிகம். டி.பி.ஓ. எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) என்ற ரத்தப் பரிசோதனை உங்களுக்கு இதுதானா என்று பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். ஒருமுறை செய்தால் போதும், மாதாமாதம் பணம் செலவழிக்க வேண்டாம்.

இப்போது மாத்திரை. அதில் இருப்பது தைராக்சின், உங்கள் தைராய்டு சுரக்கும் அதே டி4. நான்கு அயோடின் அணுக்கள் கொண்டது. ஈரல், சிறுநீரகம் போன்ற இடங்களில் அதிலிருந்து ஒரு அயோடினை உருவிவிட்டால் டி3. இந்த டி3 தான் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் புகுந்து, எந்த மரபணு எவ்வளவு வேலை செய்ய வேண்டும் என்று முடுக்கிவிடுகிறது. உடம்புச் சூடு, நாடித் துடிப்பு, குடலின் அசைவு, முடியின் வளர்ச்சி என்று எல்லாவற்றிலும் அதன் கை இருக்கிறது. அது குறையும்போது ஈரல் ரத்தத்திலிருந்து கெட்ட கொழுப்பை எடுத்துக்கொள்வதும் மந்தமாகும். அதனால் கொலஸ்ட்ரால் கூடியிருந்தால், தைராய்டு சீரான பிறகு அதை மறுபடி பார்ப்பது நல்லது என்று உங்கள் மருத்துவரிடம் சொல்லுங்கள். தனி மாத்திரை தேவைப்படாமலேயே போகலாம்.

இந்த மாத்திரை போதை மாதிரிப் பழகுவதில்லை. உங்கள் சுரப்பியைச் சோம்பேறியாக்கி அழிப்பதும் இல்லை. சுரப்பியை அரித்தது நோய். மாத்திரை அந்தப் பற்றாக்குறையை நிரப்புகிறது, அவ்வளவுதான். 3.1 என்று வந்ததற்குக் காரணம் மாத்திரை, நோய் போனதல்ல. கண்ணாடி போட்டால் எழுத்து தெளிவாகத் தெரிகிறது, கழற்றினால் மங்குகிறது இல்லையா, அது போல.

நிறுத்தியபோது முதல் இரண்டு மூன்று வாரம் உங்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரிந்திருக்காது என்று நினைக்கிறேன். ‘பார், மாத்திரை இல்லாமலே நன்றாகத்தானே இருக்கிறேன்’ என்று தோன்றியிருக்கும். பலரும் ஏமாறுவது இந்த இடத்தில்தான். டி4 ரத்தத்தில் பாதியாகக் குறையவே சுமார் ஏழு நாள் பிடிக்கும். மீதி பாதியாக இன்னொரு ஏழு நாள். நிறுத்திய நாளுக்கும் உடம்பு கனக்கத் தொடங்கிய நாளுக்கும் வாரக்கணக்கில் இடைவெளி விழுவதால், இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தோன்றாது. மாத்திரை அளவை மாற்றினால் ஆறு முதல் எட்டு வாரம் கழித்துத்தான் ரத்தம் பார்க்க வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்வதும் இதனால்தான். பத்தே நாளில் பார்த்தால் பாதி வழியில் இருக்கும் எண்தான் கிடைக்கும்.

ஆயுசு முழுக்கவா என்று கேட்டீர்கள். ஹஷிமோட்டோ நோய் என்றால், பெரும்பாலும் ஆமாம். பிரசவத்துக்குப் பின் சில மாதம் மட்டும் வந்து, தானாகவே சரியாகும் வகை ஒன்று உண்டு. உங்கள் கடிதத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. ஆமாம் என்று எழுதும்போது உங்கள் முகம் வாடுவது எனக்குத் தெரிகிறது. அதற்காகவே ஒரு பழைய கதையைச் சொல்கிறேன். 1891-இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் ஜார்ஜ் மரே என்ற இளம் மருத்துவரிடம் 46 வயதுப் பெண் ஒருவர் சிகிச்சை பெற்றார். உங்களுக்கு இருக்கும் அதே குறைவுதான், ஆனால் அவருக்கு முற்றிப்போன நிலை: முகம் ஊதி, பேச்சு குழறி, எப்போதும் குளிர். அந்தக் காலத்தில் அதற்கு வைத்தியமே இல்லை. மரே செம்மறி ஆட்டின் தைராய்டைச் சாறெடுத்து ஊசியாகப் போட்டார். சில மாதங்களில் அந்த அம்மாள் பழைய மனுஷியானார். அதன் பிறகு 28 வருடம் அந்தச் சாற்றை எடுத்துக்கொண்டே இருந்து, 1919-இல், 74 வயதில் காலமானார். ஆட்டுச் சாற்றில் அத்தனை வருடம். இன்று உங்கள் கையில் இருப்பது மைக்ரோகிராம் கணக்கில் அளந்து செய்த மாத்திரை.

அதைச் சாப்பிடும் விதத்தில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். காலையில் வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரோடு. அதன் பிறகு அரை மணி நேரமாவது, முடிந்தால் ஒரு மணி நேரம், காபி, டீ, பால், சாப்பாடு எதுவும் வேண்டாம். காபியோடு சேர்த்து விழுங்கினால் குடல் மருந்தைச் சரியாக உறிஞ்சாது. உங்களுக்கு அதிகப் போக்கு இருப்பதால் இரும்புச் சத்து மாத்திரையும் கொடுத்திருப்பார்கள் என்று ஊகிக்கிறேன். அதையும் கால்சியம் மாத்திரையையும் நான்கு மணி நேரம் தள்ளி வையுங்கள், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு என்றால் மறக்காது. முடி கொட்டுகிறது என்று பயோட்டின் மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறீர்களா? அது சில ஆய்வக முறைகளில் டி.எஸ்.எச். எண்ணைப் பொய்யாகக் குறைத்துக் காட்டும். ரத்தம் கொடுப்பதற்கு இரண்டு நாள் முன்பே நிறுத்திவிட்டுப் போங்கள். மாத்திரை அட்டையை அடுப்பு மேடைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், சூட்டில் வீரியம் குறையும்.

எடை குறைய வேண்டும் என்று நீங்களாக அளவைக் கூட்டவே கூடாது. தைராய்டு குறைவால் ஏறும் எடை பெரும்பாலும் சில கிலோதான், அதிலும் நிறைய நீர். அளவு மீறினால் படபடப்பு, தூக்கமின்மை வரும். நாள்பட்டால் இதயத் துடிப்பு தாளம் தப்பும், எலும்பு தேயும். மறுபடி கருத்தரிக்கும் எண்ணம் இருந்தால் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லுங்கள். முதல் மாதங்களில் குழந்தையின் மூளை வளர்ச்சிக்குத் தாயின் தைராக்சின்தான் ஆதாரம், மாத்திரை அளவைக் கூட்ட வேண்டிவரும்.

முட்டைக்கோஸ் தாராளமாகச் சாப்பிடுங்கள். அதில் தைராய்டு அயோடினை எடுத்துக்கொள்வதைத் தடுக்கும் பொருள் இருப்பது உண்மை. ஆனால் நம் வீட்டுப் பொரியலில் வேகும்போதே அதில் பெரும்பகுதி போய்விடும். பச்சையாக அரைத்துத் தினமும் டம்ளர் டம்ளராகக் குடிக்காமல் இருந்தால் போதும். நான் கவலைப்படுவது உப்பைப் பற்றி. இமாச்சலின் காங்ரா பள்ளத்தாக்கில் ஊர் ஊராகக் கழுத்துக் கழலையோடு மக்கள் இருந்தார்கள். 1950-களில் டாக்டர் வி. ராமலிங்கசுவாமியும் குழுவினரும் அங்கே அயோடின் கலந்த உப்பைக் கொடுத்துப் பார்த்ததில் கழலை குறைந்தது. 1962-இல் தேசியத் திட்டமே தொடங்கியது. இப்போது உடம்புக்கு நல்லது என்று சொல்லி இந்துப்புக்கு மாறுகிறவர்களைப் பார்க்கிறேன். அயோடின் சேர்க்காத உப்பாக இருந்தால், வளரும் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் தயவுசெய்து வேண்டாம். அதே சமயம் கடற்பாசி மாத்திரை என்று அயோடினை அள்ளிக்கொட்டவும் கூடாது, உங்கள் நோயை அது கூட்டிவிடும்.

மகளைப் பற்றி. இந்த நோய்க்கான சாய்வு குடும்பத்தில் வரும், நோய் வந்தே தீரும் என்று இல்லை. ஒரு தொந்தரவும் இல்லாத பிள்ளையை வருடா வருடம் ஊசி குத்த வேண்டாம். உயரம் வளர்வது நின்றுவிட்டதா, கழுத்தில் வீக்கம் தெரிகிறதா, முன்பு நன்றாகப் படித்த பிள்ளை மந்தமாகிறதா, பூப்பு தள்ளிப்போகிறதா என்று பாருங்கள். இதில் ஒன்று தெரிந்தாலும் ஒரு டி.எஸ்.எச். பார்த்துவிடுங்கள். அவள் அசதியாக இருக்கிறேன் என்று சொன்னால் யாரும் அவளைச் சோம்பேறி என்று சொல்ல விடாதீர்கள்.

நாளைக்கே உங்கள் மருத்துவரைப் பாருங்கள். நிறுத்திய விஷயத்தை மறைக்காமல் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பழைய அளவு போதவில்லை என்று நினைத்து அவர் கூட்டிக் கொடுத்துவிடலாம். மாத்திரையை மறுபடி தொடங்கி, ஆறு வாரம் கழித்து வரும் எண்ணை எனக்கு எழுதுங்கள். மாத்திரைக்கும் காபிக்கும் நடுவில் எத்தனை நிமிடம் விட்டீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.