நானோ படிக்கட்டும், ஆனால் முதல் டிகிரியில் வேண்டாம்

வணக்கம் அம்மா. பிளஸ் டூ முடித்த மகள், உணவு கெடாமல் காக்கும் நானோ பேக்கேஜிங்தான் படிப்பேன் என்று பிடிவாதமாக நிற்கிறாள். சொந்தக்காரர்கள் கம்ப்யூட்டர் சயின்ஸில் சேர்க்கச் சொல்கிறார்கள். என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். துறை நல்ல துறைதான். ஆனால் பி.டெக். நானோ டெக்னாலஜியில் இப்போதே சேர்க்க வேண்டாம். உணவுத் தொழில்நுட்பமோ வேதியியலோ முதலில் படிக்கட்டும். நானோவை முதுநிலையில் பார்த்துக்கொள்ளலாம்.

ஏன் என்று புரிய, அந்த வேலை எப்படிப்பட்டது என்று தெரிய வேண்டும். வெள்ளி அல்லது துத்தநாக ஆக்சைடை 100 நானோமீட்டருக்கும் (மில்லிமீட்டரின் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் ஒரு நானோமீட்டர்) சிறிய துகள்களாக்கி பிளாஸ்டிக் படலத்தில் கலக்கிறார்கள். துகள் சிறிதாகச் சிறிதாக, அதே எடைக்கு மொத்த மேற்பரப்பு கூடும். அதிலிருந்து கசியும் வெள்ளி அயனிகள் பாக்டீரியாவின் செல் சவ்வைச் சிதைக்கும். இறைச்சியோ பன்னீரோ கெடுவது அதனால் தள்ளிப்போகிறது. இவ்வளவையும் எல்லா வீடியோவிலும் காட்டுவார்கள். கிருமியைக் கொல்லும் அந்த வெள்ளி, சாப்பாட்டுக்குள் எவ்வளவு இறங்குகிறது? வேலைவாய்ப்பே இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

அமெரிக்காவில் 2014இல், நானோ வெள்ளி கலந்த உணவு டப்பாக்களை விற்ற ஒரு நியூ ஜெர்சி நிறுவனத்தை அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை நிறுத்தச் சொன்னது. கிருமியைக் கொல்லும் என்று சொல்லி விற்றால் அது பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ் வரும். பரிசோதித்துப் பதிவு செய்யாமல் விற்கக் கூடாது. நம் நாட்டில் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் 2018ஆம் ஆண்டு பேக்கேஜிங் விதிகள், பிளாஸ்டிக்கிலிருந்து உணவுக்குள் இறங்கும் மொத்தப் பொருள் கிலோவுக்கு 60 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கின்றன. இதை அளந்து சான்று தர ஆள் வேண்டும். அந்த ஆள் உணவு வேதியியலும் நுண்ணுயிரியலும் தெரிந்தவராக இருப்பார். நானோ மட்டும் படித்தவருக்கு இதில் இடம் குறைவு.

கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகம், கொழும்பிலுள்ள கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவகம் ஆகியவற்றோடு சேர்ந்து ஹெக்சனால் ஆய்வு செய்தார்கள். ஹெக்சனால் செடிகளே உண்டாக்கும் ஒரு பொருள். பழத்தின் செல் சவ்வை உடைக்கும் பாஸ்போலிபேஸ் டி என்ற நொதியை அது அடக்குகிறது. மாம்பழம் மெதுவாகப் பழுக்கிறது. நானோ இதில் எங்கே வருகிறது? சீக்கிரம் ஆவியாகிவிடும் அந்தப் பொருளை நுண் இழைகளில் பிடித்துவைத்து, பெட்டிக்குள் கொஞ்சம் கொஞ்சமாக விடுவதில். மற்றபடி மாமரம் தெரிந்தவர், நொதி தெரிந்தவர், பழக்கடைக்காரரிடம் பேசத் தெரிந்தவர் எல்லோரும் அந்த வேலைக்குத் தேவை. இந்த ஆய்வைப் பற்றி மகளைத் தேடிப் படிக்கச் சொல்லுங்கள். அவளுடைய ஆர்வம் எந்தப் பகுதியில் என்று அவளுக்கே பிடிபடும்.

இன்னொரு நடைமுறைச் சிக்கலும் உண்டு. அரசு வேலை அறிவிப்புகளில் பட்டத்தின் பெயரைத்தான் பார்ப்பார்கள். உணவுப் பாதுகாப்பு அலுவலர் பணிக்கான விதியில் உணவுத் தொழில்நுட்பம், பால்வளத் தொழில்நுட்பம், உயிரித் தொழில்நுட்பம், உயிர்வேதியியல், நுண்ணுயிரியல், வேளாண்மை போன்ற பட்டங்கள் இருக்கின்றன. நானோ டெக்னாலஜி இல்லை. நான்கு வருடம் கட்டணம் கட்டிவிட்டு இரண்டு பட்டமும் சமம் என்று காட்டும் இணைச் சான்றுக்கு அலைவது யாருக்கும் வேண்டாத வேலை.

சரி, எங்கே சேர்ப்பது? ஜே.இ.இ. மெயின் எழுதியிருந்தால் தஞ்சாவூரில் உள்ள மத்திய அரசின் உணவுத் தொழில்நுட்ப நிறுவனமான நிஃப்டெம் என் முதல் தேர்வு. எழுதவில்லை என்றால் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்து வேளாண் பல்கலைக்கழகத்திலும் பொறியியல் கலந்தாய்விலும் பி.டெக். உணவுத் தொழில்நுட்பத்துக்கு முயலுங்கள். பணம் நெருக்கடி என்றால் அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல் போதும். அப்புறம் சென்னை கிண்டியில் பிளாஸ்டிக் தொழில்நுட்பம் கற்றுத்தரும் மத்திய அரசு நிறுவனமான சிப்பெட்டில் பிளாஸ்டிக் தயாரிப்பு, பரிசோதனை பற்றிய முதுநிலை டிப்ளமோ இருக்கிறது. இந்த வழியைப் பலரும் மட்டமாக நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. படலம் எப்படி உருவாகிறது என்று இயந்திரத்தின் பக்கத்தில் நின்று கற்றவருக்குத் தொழிற்சாலையில் தனி மதிப்பு உண்டு.

இத்தனைக்கும் பிறகு நானோ டெக்னாலஜி பி.டெக்.தான் வேண்டும் என்றால், கல்லூரிக்கு நேரில் போய் எலக்ட்ரான் நுண்ணோக்கி அவர்களுடையதா, வெளியே காசு கட்டிப் பார்க்கிறார்களா, போன வருடம் முடித்தவர்கள் இப்போது எங்கே என்று கேளுங்கள். பதில் சுற்றி வளைத்து வந்தால் கிளம்பிவிடுங்கள்.

சம்பளம் பற்றியும் கேட்டிருந்தீர்கள். பெரிய ஐ.டி. நிறுவனத்தில் சேரும் பெண்ணின் முதல் சம்பளம் இங்கே பெரும்பாலும் கிடைக்காது. தரக்கட்டுப்பாட்டிலோ பரிசோதனைக் கூடத்திலோ தொடங்கி மெதுவாகத்தான் ஏறும். ஆராய்ச்சிதான் வேண்டும் என்றால் பிஎச்.டி. வரை போக வேண்டும். அதுவரை வீடு அவளுடைய வருமானத்தை நம்பி இருக்கக் கூடாது. இதை மகளிடம் இப்போதே பேசிவிடுங்கள். விண்ணப்பக் கடைசித் தேதிகளை மட்டும் தவறவிடாதீர்கள்.